கிழவனின் முதுகு

“தம்பி, நீர் பக்கைத் தேடித் தேடிப் பாக்கிறீர். அதாலதான் ஒண்டும் விளங்கேல்லை. அதை விடும். உந்தக் கிழவன்ர முதுகைப் பாரும்.”

2015-ன் கடைசி மாதங்கள். டொராண்டோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதிக் கிடங்கில் எனக்கு இரவு வேலை. இரண்டரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அறையின் மூலையில் தொங்கும் டிவியில் மாலை நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டங்களின் துண்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். நான் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். வெள்ளைத் தரையில் பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு ஓடும், பத்துப் பேர் அதைத் துரத்துவார்கள், திடீரென்று சிவப்பு விளக்கு எரியும், கோல் என்பார்கள். எப்போது அடித்தார்கள், யார் அடித்தார்கள், எதுவும் தெரியாது. கிரிக்கெட்டில் பந்து மட்டைக்கு வரும் வரை நமக்கு மூச்சுவிட நேரம் உண்டு. இதில் கண் சிமிட்ட நேரம் கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணை பருத்தித்துறைக்காரர். எண்பதுகளின் இறுதியில் கனடா வந்தவர். ஆரம்பத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவியிருக்கிறார். அங்கே சனிக்கிழமை இரவுகளில் ஹாக்கி போட்டுவிட்டால் முதலாளியிலிருந்து சமையல்காரர் வரை யாரும் வேறெதுவும் பேச மாட்டார்களாம். மொழி வருவதற்கு முன்பே அவருக்கு ஹாக்கி வந்துவிட்டது. அப்போதே இந்த நாட்டில் ஹாக்கிக்குப் பஞ்சாபி வர்ணனை இருந்தது, 2008-ல் தொடங்கியது. தமிழில் கிடையாது. எனக்கு அண்ணைதான் தமிழ் வர்ணனை. அவர் ‘ஹொக்கி’ என்பார், நான் ‘ஹாக்கி’ என்பேன். அவர் ‘ரொறொன்ரோ’, நான் ‘டொராண்டோ’. மற்றபடி சச்சரவு இல்லை.

அவர் சொன்னபடி முதுகைப் பார்த்தேன்.

ஃபுளோரிடா அணியின் சட்டை, முதுகில் 68. பெரிய ஆள். மைதானத்தின் மூலையில், பலகைச் சுவரை ஒட்டி நிற்கிறார். பக் அவரிடம் இருக்கிறது. அவரை விட இருபது வயது இளைய ஒருவன் பின்னாலிருந்து வந்து மோதுகிறான், அவர் அசையவில்லை. இடதுபக்கம் சுற்றி வருகிறான், இவர் இடுப்பை அந்தப் பக்கம் தள்ளுகிறார். வலதுபக்கம் வருகிறான், இடுப்பும் வலதுபக்கம் வருகிறது. நெரிசலான டவுன் பஸ்ஸில் வாசற்படியை மறித்துக்கொண்டு, யார் தோளைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்காமல் நிற்கும் பெரியவர்கள் இருப்பார்களே, அப்படி. இதெல்லாம் பத்து, பதினைந்து விநாடி. அப்புறம் தலையைத் தூக்காமலே பக்கைக் கோல் வாசலுக்குத் தள்ளினார். அங்கே ஒரு பையன் காத்திருந்தான். விளக்கு எரிந்தது. முதல் முறையாக, ஏன் எரிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

“ஆளுக்கு என்ன வயசு எண்டு நினைக்கிறீர்?” என்றார் அண்ணை. முப்பத்தைந்து இருக்கும் என்றேன். சிரித்தார். “நாப்பத்து மூண்டு.”

யாரோமிர் யாகர். 1972-ல் கிளாட்னோவில் பிறந்தவர். அப்போது அது செக்கோஸ்லோவாக்கியா. பிராகுக்குப் பக்கத்தில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன ஊர். சட்டையில் இருக்கும் 68 வெறும் எண் அல்ல, 1968. சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்த வருடம். கம்யூனிஸ்ட் ஆட்சி சிறையில் அடைத்திருந்த அவருடைய தாத்தா இறந்ததும் அதே வருடம்தான். சிறு வயதில் தினமும் ஆயிரம் முறை உட்கார்ந்து எழுவாராம். நம் ஊராக இருந்திருந்தால் பிள்ளையாரே எழுந்து வந்து, “போதும்பா, மன்னிச்சிட்டேன்” என்று சொல்லியிருப்பார். அந்தத் தொடைகள்தான் பின்னால் சோறு போட்டன.

1990-ல், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-ல் அணிகள் புதுமுகங்களை வரிசைப்படி எடுத்தபோது, பிட்ஸ்பர்க் அணி அவரை ஐந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பதினெட்டு வயது. 1991, 1992 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை, அந்த லீகின் சாம்பியன் கோப்பை. கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்கு முந்தைய கடைசி இரண்டு கை மாற்றங்களுக்கு ஆளுக்கொரு புள்ளி, இதுதான் என்.எச்.எல்.-ல் ஆட்டக்காரனை அளக்கும் படி. அந்தப் படியில் ஐந்து சீசன்கள் யாகர் முதலிடம். 1995-96-ல் 149 புள்ளி எடுத்தும் முதலிடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதே அணியில் மாரியோ லெமியூ இருந்தார். பழைய ஒளிப்பதிவுகளை இப்போது தேடிப் பார்க்கிறேன். ஹெல்மெட்டுக்குப் பின்னால் சுருள் முடி பறக்க, நட்ட நடுவில், நான்கு பேருக்கு ஊடாக, நீளநீளமான வீச்சில் சறுக்கிப் போகிறார். சுவர்ப் பக்கம் அவருக்கு வேலையே இல்லை.

நான் பார்த்த யாகருக்கு இந்த நடுமைதானம் இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இடையில் ஆட்டம் மாறிவிட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதி ஐஸ் ஹாக்கி, உண்மையில் பார்க்கச் சகிக்காது. வேகமானவனைத் தடுக்க முடியாதவன், மட்டையை அவன் இடுப்பில் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டே போவான், அம்மாவின் முந்தானையைப் பிடித்துத் தொங்கும் குழந்தை மாதிரி. நடுவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். கோல்கள் குறைந்துகொண்டே போயின. 1999-2000-ல் யாகர் 96 புள்ளி எடுத்தே முதலிடம் பிடித்தார். 2004-05-ல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு முற்றி, ஒரு சீசன் முழுவதும் ரத்தானது. திரும்பி வந்தபோது விதிகள் வேறு. கொக்கி போட்டால், கையைப் பிடித்தால், மறித்தால், இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய விதியை இப்போது கறாராகப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை நீளமான பாஸ் ஒன்று தன் எல்லையிலுள்ள நீலக்கோட்டையும் நடுவிலுள்ள சிவப்புக் கோட்டையும் சேர்த்துத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள். தன் கோலுக்குப் பக்கத்திலிருந்து எதிராளியின் நீலக்கோடு வரை ஒரே தள்ளில் பக் போகலாம். ஓடத் தெரிந்தவனுக்கு வாசல் திறந்துவிட்டது.

அந்த முதல் வருடம் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக யாகர் 54 கோல், 123 புள்ளி எடுத்தார். இடையே 34-வது பிறந்தநாளும் வந்துபோனது. ஆனால் வாசல் எல்லோருக்கும்தான் திறந்தது. வருடா வருடம் உள்ளே வந்த பையன்கள் இன்னும் வேகமாக வந்தார்கள். 2008-ல் அவர் ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகருக்குப் போய்விட்டார். மூன்று வருடம் சைபீரியா. அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கும் செக் குடியரசுக்கும் நடந்த ஆட்டத்தில் ஒரு காட்சி உண்டு. யாகர் பக்கோடு நடுமைதானத்துக்கு வருகிறார். பழைய நினைப்பு. ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஓவெச்கின் வந்து இடித்தார். அந்தப் பெரிய உடம்பு அப்படியே தரையில் விழுந்தது, பக் கைமாறியது, அடுத்த சில விநாடிகளில் ரஷ்யாவின் மால்கின் கோல் அடித்தார். யாகருக்கு அப்போது 38. அண்ணை இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், சொந்தக்காரர் யாருக்கோ விபத்து நடந்த மாதிரி.

“அண்டைக்குத்தான் ஆளுக்கு விளங்கியிருக்கும், நடு ரோட்டில நடக்கக் கூடாதெண்டு.”

இது அண்ணையின் ஊகம். யாகர் எங்கும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் 2011-ல், 39 வயதில், ஃபிலடெல்ஃபியாவுக்காக என்.எச்.எல்.-க்குத் திரும்பி வந்த யாகர் வேறொரு ஆட்டக்காரர். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஐஸ் ஹாக்கிக்கும் நம் ஊர் ஹாக்கிக்கும் பெரிய வித்தியாசம் எது என்று கேட்டால் பனி என்பார்கள். எனக்குச் சுவர்தான். கோவில்பட்டியிலோ எழும்பூரிலோ பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும். இங்கே பக்கக் கோடே இல்லை. சுற்றிலும் இடுப்பளவு பலகை, அதற்கு மேல் கண்ணாடி. பக் அதில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் தொடரும். அதனால் சுவரோரம் என்பது ஆட்டத்தின் விளிம்பு அல்ல, தனி நிலப்பரப்பு. அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. ஒரு பக்கம் பலகை இருப்பதால் எதிராளி பாதி வட்டத்தில்தான் சுற்றி வர முடியும். அந்தப் பாதி வட்டத்தை அகலமான ஓர் உடம்பு அடைத்துவிட்டால், மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் சறுக்கத் தெரிந்த பையனும் முதுகுக்குப் பின்னால் நின்று முனக வேண்டியதுதான்.

யாகர் அங்கே குடியேறினார். முழங்காலை நன்றாக மடக்கி, பின்புறத்தை எதிராளியின் மேல் சாய்த்து, நீண்ட மட்டையை முடிந்த தூரத்துக்கு முன்னால் நீட்டி, அதன் நுனியில் பக்கை வைத்துக்கொள்வார். எதிராளி என்ன செய்ய முடியும்? பழைய காலமாக இருந்தால் கொக்கி போட்டு இழுத்திருப்பான். இப்போது இழுத்தால் இரண்டு நிமிடம் வெளியே. வேகக்காரர்களை விடுவிக்க 2005-ல் கொண்டுவந்த கறார், வேகமே இல்லாத ஒரு கிழவனுக்குக் கோட்டைச் சுவராகிவிட்டது. கொண்டுவந்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஆட்டம் தனக்கு எதிராக மாறியபோது, அந்த மாற்றத்தில் தனக்கென்று ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று ஒருவர் குனிந்து தேடியிருக்கிறார்.

இன்னொன்றும் செய்தார். தன்னால் ஓட முடியாததை ஓடக்கூடியவர்களிடம் கொடுத்தார். ஃபுளோரிடாவில் அவரோடு ஒரே வரிசையில் ஆடியவர்கள் அலெக்சாண்டர் பார்கோவும் ஜொனாதன் யூபர்டோவும். பார்கோவ் பிறந்தது 1995-ல், யாகர் இரண்டு கோப்பைகளை வாங்கி முடித்த பிறகு. பையன்கள் பக்கை எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோவார்கள், மூலையில் கிழவனிடம் ஒப்படைப்பார்கள், கிழவன் இரண்டு பேரைத் தன் முதுகில் கட்டிப்போடுவார், அதற்குள் பையன்கள் கோல் முன்னால் இடம் பிடிப்பார்கள். 2015-16 சீசனில் அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் யாகர்தான். 27 கோல், 66 புள்ளி, நடுவே 44 வயது நிறைந்தது. ஃபுளோரிடா தன் பிரிவில் முதலிடம் வந்தது. பிளே ஆஃபின் முதல் சுற்றிலேயே தோற்றும் போனது.

‘வயது வெறும் எண்தான்’ என்று அந்த நாட்களில் அவர் படத்தைப் போட்டு நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு எரிச்சலாக வரும். யாகரைப் போல வயதை உண்மை என்று ஏற்றுக்கொண்ட இன்னொரு ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. வயது வெறும் எண் என்று நினைத்திருந்தால் நடு ரோட்டிலேயே நடந்திருப்பார், ஓவெச்கின் மாதிரி நாலு பேர் வந்து இடித்திருப்பார்கள்.

அவருடைய இரவுப் பயிற்சியைப் பற்றி அண்ணை சொன்னதும் ஆள் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டார். போகிற ஊரிலெல்லாம் பயிற்சி மைதானத்துக்குள் நினைத்த நேரம் போக வழி செய்துகொள்வாராம். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, பாரம் ஏற்றிய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கணுக்காலில் எடை கட்டி, எடை கூட்டிய மட்டையோடு தனியாகச் சறுக்குவார். ஒருநாள் நின்றால் உடம்பு நின்றுவிடும் என்ற பயம் என்று நினைக்கிறேன். இளைஞனுக்கு ஓய்வு எடுத்தால் உடம்பு திரும்பி வரும். நாற்பதைத் தாண்டியவனுக்கு ஓய்வு எடுத்தால் போனது போனதுதான். என் முழங்காலைக் கேளுங்கள், அது சொல்லும். நள்ளிரவு ஒரு மணிக்கு நான் டிரெய்லருக்குள் நின்று பெட்டி அடுக்கும்போது, ஃபுளோரிடாவில் ஒரு கோடீஸ்வரன் எடை கட்டிக்கொண்டு இருட்டில் சுற்றி வருகிறான் என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, ஒளிப்பானேன்.

கோடீஸ்வரன் என்றது சும்மா இல்லை. 2001-ல் வாஷிங்டன் அவருக்கு ஏழு வருடத்துக்கு 77 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2011-ல் ஃபிலடெல்ஃபியா ஒரே வருடத்துக்கு 3.3 மில்லியன். அதற்குப் பிறகு எல்லாமே ஒற்றை வருடம்தான். டல்லாஸ், பாஸ்டன், நியூஜெர்ஸி, ஃபுளோரிடா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே இருந்தார். 2005-க்குப் பிறகு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டதால், கிழவனுக்கு நீண்ட ஒப்பந்தம் போட யாருக்கும் தைரியம் கிடையாது. ஐந்து முறை முதலிடம் வந்தவர் ஒவ்வொரு கோடையிலும் வேலை தேட வேண்டியிருந்தது. எங்கள் கிடங்கில் ஏஜென்சி வழியாக வருகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எங்கள் கிடங்குக்கும் அந்த வருடங்களில் புதுமுறை வந்தது. பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொருவரும் மணிக்கு எத்தனை பொதி ஸ்கேன் செய்கிறார் என்று தலைக்கு மேலே ஒரு திரை காட்டும். இலக்கை எட்டினால் பெயர் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. இருபத்திரண்டு வயதுப் பையன்கள் சிரித்துக்கொண்டே பச்சையில் நின்றார்கள். நான் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே அல்லாடினேன். அண்ணைக்கு அப்போது ஐம்பத்தெட்டு. ஆனால் அவர் பெயர் திரையில் வரவே வராது.

கொஞ்ச நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. பெல்ட்டில் ஏறாத பொதிகள் என்று ஒரு வகை உண்டு. டயர், சுருட்டிய கம்பளம், கயாக் படகு, ஒருமுறை அழகாகக் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு கழிப்பறைப் பீங்கான். இவற்றை மூலையில் கொட்டிவிடுவார்கள். இதற்கு மணிக்கு இத்தனை என்ற கணக்கு இல்லை, போட முடியாது. பையன்களுக்கு அந்த மூலை பிடிக்காது. அண்ணை யாரும் கேட்காமலே அங்கே போய் நின்றுகொண்டார். இரண்டு மாதத்தில் அது அவருடைய இடமாகிவிட்டது. டயரை அவர் தூக்கி நான் பார்த்ததே இல்லை. “தூக்கிறவன் மடையன். அது உருளத்தானே பிறந்தது” என்று காலால் ஒரு தட்டு. கம்பளத்தைத் தோளில் வைக்கும்போது நடு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மேற்பார்வையாளர்ப் பையன் ஒருவன் அவரை மறுபடி பெல்ட்டுக்கு அனுப்பப் பார்த்தான். அன்று இரவு மூலையில் பொதி மலையாகக் குவிந்து, விமானம் ஒன்று அவற்றை விட்டுவிட்டே கிளம்பியது. மறுநாள் அண்ணை மறுபடி மூலையில் இருந்தார்.

எல்லோருக்கும் இப்படி ஒரு மூலை கிடைப்பதில்லை. 2016 ஜனவரியில் நாஷ்வில்லில், லீகின் நான்கு பிரிவுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் பிரிவுக்கொரு அணியாக ஆடிய நட்சத்திர ஆட்டத்தை அதனால்தான் மறக்க முடியவில்லை. என்.எச்.எல். அந்த வருடம் ஒரு புதுமை செய்தது. ஐந்துக்கு ஐந்து பேர் ஆடுவதை மூன்றுக்கு மூன்றாக்கியது. ஆள் குறைந்தால் இடம் அதிகம், இடம் அதிகமானால் வேகம் மட்டுமே பேசும், மூலையில் முதுகு காட்டி நிற்கிறவனுக்கு வேலையில்லை. யாகர், தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று ரசிகர்களிடம் கெஞ்சிப் பார்த்தார். ரசிகர்கள் கேட்கவில்லை, அட்லாண்டிக் பிரிவுக்கு அவரையே கேப்டனாக்கினார்கள்.

பசிபிக் பிரிவுக்கு அவர்கள் கேப்டனாக்கியது ஜான் ஸ்காட்டை. ஆறடி எட்டங்குல மனிதர். வேலை: சண்டை போடுவது. விளையாட்டாகச் சொல்லவில்லை, ஐஸ் ஹாக்கியில் அப்படி ஒரு வேலை இருந்தது. தன் அணியின் நட்சத்திரத்தை யாராவது கீழே தள்ளினால், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்க் குத்த வேண்டும். அந்த வேலையும் 2005-க்குப் பிறகு மெல்ல மெல்லச் செத்தது. ஆட்டம் வேகமானபோது, சறுக்கத் தடுமாறும் ஒரு குத்துச்சண்டைக்காரனுக்காக அணியில் ஓரிடத்தை வீணாக்க யாரும் தயாராக இல்லை. இந்த வேலை மனிதர்களை என்ன செய்தது என்பதும் வெளியே வந்தது. 2011 கோடையில் நான்கு மாதத்துக்குள் டெரெக் பூகார்ட், ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என்று இந்த வேலை செய்த மூன்று பேர் இறந்துபோனார்கள். பூகார்டுக்கு வயது 28. அவர் மூளையை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு தெரிந்தது.

ஸ்காட் தன் என்.எச்.எல். வாழ்க்கை மொத்தத்திலும் அடித்தது ஐந்து கோல். ரசிகர்கள் கிண்டலுக்காகத்தான் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். விலகிக்கொள்ளச் சொல்லி அவருக்கு அழுத்தம் வந்தது, இடையில் அவரை வேறு அணிக்கு மாற்றிக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பினார்கள். அவர் விலகவில்லை. வந்தார், முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார், கடைசி ஆட்டத்தில் யாகரின் அணியை ஸ்காட்டின் அணி 1-0 என்று வென்றது, சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் அவருக்கே. சக ஆட்டக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். மாறிவிட்ட ஆட்டத்தில் இனி இடமில்லாத இருவர், ஆளுக்கொரு அணிக்குக் கேப்டன். ஒருவர் தனக்கென்று ஒரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டவர். இன்னொருவருக்கு மூலையே கிடையாது. ஸ்காட் அந்த வருடத்தோடு ஓய்வு பெற்றார்.

அடுத்த சீசனில் ஃபுளோரிடா டொராண்டோவுக்கு வந்தபோது அண்ணையும் நானும் போனோம். கூரைக்குப் பக்கத்தில் இருக்கை. டிக்கெட் விலையை என் மனைவியிடம் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. அங்கிருந்து பார்த்தால் டிவியில் தெரியாத ஒன்று தெரிந்தது. யாகர் ஆட்டத்தின் பெரும்பகுதியில் ஓடவே இல்லை. எல்லோரும் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று பாய, அவர் நடுவில் எங்கோ மெதுவாக வட்டமடித்துக்கொண்டு, பக் அடுத்து எந்த மூலைக்கு வரும் என்று கணக்குப் போட்டு அங்கே போய் நின்றார். மூன்றில் இரண்டு தடவை கணக்குச் சரியாக இருந்தது. மூன்றாவது தடவை பரிதாபமாக இருந்தது. பக் எதிர்ப்பக்கம் போய்விட, டொராண்டோப் பையன்கள் அவரைக் கடந்து பறந்தார்கள். அவர் திரும்பி இரண்டு வீச்சு சறுக்கிவிட்டு, எட்டாது என்று தெரிந்து நேராகப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இரண்டு வீச்சையும் டிவி காட்டாது.

2016 டிசம்பர் 22 அன்று 1,888-வது புள்ளியை எடுத்து மார்க் மெஸ்ஸியரைத் தாண்டினார். அவருக்கு மேலே இனி வேய்ன் கிரெட்ஸ்கி மட்டும், 2,857 புள்ளியோடு, யாரும் தொட முடியாத உயரத்தில். அந்த சீசன் 82 ஆட்டமும் ஆடினார், ஒன்றுகூட விடவில்லை. 46 புள்ளி. 45 வயது. கோடையில் ஃபுளோரிடா, நன்றி, போதும் என்றுவிட்டது. அக்டோபர் தொடங்கும் வரை யாரும் அழைக்கவில்லை. கடைசியில் கால்கரி, ஒரு மில்லியனுக்கு, ஒரு வருடம்.

கால்கரி மேற்கே இருப்பதால் அங்கே நடக்கும் ஆட்டங்கள் எங்கள் நேரத்துக்கு இரவு ஒன்பதுக்குத்தான் ஆரம்பிக்கும். வேலைக்கு வரும் பஸ்ஸில் போனில் பார்ப்போம். பார்க்காமலே இருந்திருக்கலாம். தொடை இடுக்கு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக அடிவாங்கியது. மூலைக்குப் போவதற்கே இப்போது நேரமானது. மூலை அப்படியேதான் இருந்தது, முதுகும் அப்படியேதான் இருந்தது, ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டியிருக்கிறதே, அது போய்விட்டது. 22 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். அது அவருடைய 766-வது. 2017 டிசம்பர் 31 கடைசி ஆட்டம். ஜனவரியில் அவரைச் சொந்த ஊரான கிளாட்னோவுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த ஊர் அணிக்கு அந்நாளில் அவரேதான் உரிமையாளர். அப்போது அது செக் இரண்டாம் பிரிவில் கிடந்தது.

அதே குளிர்காலத்தில் அண்ணையின் வலது தோள் போனது. கம்பளம் இல்லை, டயர் இல்லை, வீட்டு வாசலில் பனி அள்ளும்போது. மருத்துவர் பாரம் தூக்கக் கூடாது என்றார். விடுப்பு எடுத்தவர் திரும்பி வரவில்லை. மூலைக்கு இரண்டு பையன்களைப் போட்டார்கள். அவர்கள் டயரைத் தூக்கினார்கள்.

கிளாட்னோவில் யாகர் நிற்கவில்லை. 47 வயதில், மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதிச்சுற்றில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார். அணி மேலே ஏறியது, அடுத்த வருடமே இறங்கியது, மறுபடி ஏறியது. இளைஞர்களை வைத்து ஆடினாலென்ன என்று எனக்கும் தோன்றியதுண்டு. உரிமையாளர் இறங்கினால் டிக்கெட் விற்றது, விளம்பரம் வந்தது, அணிக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தது என்பதும் உண்மை. ஆட ஆசையா, அணியைக் காப்பாற்றவா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்துக்கு அவர் வந்துவிட்டார்.

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. பிட்ஸ்பர்க் அணி அவருடைய 68-ஐக் கூரையில் ஏற்றும் நாள். இனி அந்த அணியில் அந்த எண்ணை யாரும் அணிய மாட்டார்கள். ஸ்கார்பரோவில் அண்ணை வீட்டுக்குப் போனேன். சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார், தோள் இன்னும் முழுதாக உயரவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்களோடு யாகரும் இறங்கிச் சறுக்கினார். மூன்று நாள் முன்புதான் 52 முடிந்திருந்தது. முடி மறுபடி பின்னால் தொங்கியது, இடுப்பு இன்னும் அகலமாகியிருந்தது. எண் மேலே போனது, கூட்டம் எழுந்து நின்றது. என் கண் கலங்கியதை அண்ணை கவனித்துவிட்டார்.

“ஏன் தம்பி அழுகிறீர்? ஆள் செத்தே போனார்? உது முடிய ஊருக்குப் போயிடுவார். அங்க மெட்ச் இருக்கு.”

தேத்தண்ணி போடுகிறேன் என்று சோபாவின் கைப்பிடியை அழுத்தி எழுந்தார். இருங்கள், நான் போடுகிறேன் என்று பின்னாலேயே போனேன். சின்ன அடுக்களை, ஒரு பக்கம் சுவர். கெட்டிலை எடுக்க இடதுபக்கம் கை நீட்டினேன், இடுப்பு இடதுபக்கம் வந்தது. வலதுபக்கம் போனேன், முழங்கை ஒன்று நீண்டு நின்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனிதர்.

“சீனி எத்தனை கரண்டி?” என்றார்.